நாற்பத்திரண்டு கிராம் கத்தி பற்றி மிட்சுயோ அக்காவுக்கு ஒரு விளக்கம்

ஓமியா,
ஜூலை 25, பிற்பகல்.

கனசாவாவில் இருக்கும் மதிப்பிற்குரிய மிட்சுயோ அக்கா அவர்களுக்கு, தம்பி தெய்ஜி தலைகுனிந்து வணங்கி எழுதுவது.

மழைக்காலம் முடிந்த மறுநாளே வெயில் ஆளைத் தூக்கிச் சாப்பிடுகிறது. சில்வண்டுகள் காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகின்றன. உங்கள் வாசல் ஹைட்ரேஞ்சியா இந்த வருடமாவது நீலமாகப் பூத்ததா, அல்லது போன வருடம் போல இளஞ்சிவப்புக்கு மாறி உங்களைக் கோபப்படுத்தியதா? இடது முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணுக்குச் சொட்டு மருந்தை மூன்று வேளையும் விடுகிறீர்களா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றிலிருந்து இரத்த அழுத்தம் மட்டும் சற்றுக் கூடியிருக்கிறது. அதற்குக் காரணம் நோய் அல்ல, மகிழ்ச்சி. முப்பத்தெட்டு வருடம் ரயில் கால அட்டவணைகளைப் பிழைதிருத்தியவனுக்குச் சுருக்கமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். முயல்கிறேன்.

அக்கா, நாளைக் காலை ஆறரை மணிக்கு நான் கேம்ப்புக்குப் போகிறேன். மோதோசு ஏரிக்கரையில், கூடாரத்தில், இரண்டு இரவு!

நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நான் போன கேம்ப்பைப் பற்றி உங்களிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அதற்கடுத்த புத்தாண்டு அட்டையில் "ரைஸ் குக்கர் சௌக்கியமா?" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் மூட்டை பத்தொன்பது கிலோ இருந்தது. ஏரிக்கரையில் மின்சாரம் இருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. தாவரக் களஞ்சியத்தின் முதல் தொகுதியும் மூன்றாம் தொகுதியும் தேவைப்படும் என்று உண்மையாகவே நம்பினேன். என் மூட்டைக்கு இடம் செய்வதற்காக மகன் கத்சுயா ஐஸ் பெட்டியைக் காரிலிருந்து இறக்கித் தெருவில் வைத்தான், பிறகு மற்ற எல்லாவற்றையும் ஏற்றினான், ஐஸ் பெட்டியை ஏற்றவில்லை, அதில்தான் இறைச்சி முழுவதும் இருந்தது. இரண்டு நாளும் வெறும் சோற்று உருண்டை சாப்பிட்டோம். அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்கடுத்த வருடம் மட்டும், அப்பாவுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லி, பேத்தி மினோரியின் ஆமையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போன வருடமும் அப்படியே. ஜிம்பெய் நல்ல ஆமைதான், அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு கோடைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று அக்கா, எங்களுக்குள் பேச்சே தீர்ந்துவிட்டது.

இந்த நிலையில்தான் இந்தப் புத்தாண்டு விருந்தில் மருமகள் சிகுசா, பீன்ஸை என் தட்டில் வைத்தபடியே, போகிற போக்கில் சொன்னாள்: "மாமா, இந்த வருஷம் நீங்களும் வாங்க. சின்னதா ஒரு மடக்குக் கத்தி மட்டும் கொண்டு வாங்க, கனமில்லாம, பையில போடற மாதிரி. நான் கத்தி எடுத்துட்டு வரல, உங்களைத்தான் நம்பியிருக்கேன்." கத்சுயா கூரையைப் பார்த்தான். பிறகு, "கத்தி, மாத்துத்துணி, பல் பிரஷ். அதுக்கு மேல போச்சுன்னா ஆமைதான்பா" என்றான்.

அன்றிலிருந்து ஆறு மாதம் இருபத்து நான்கு நாள் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அற்ப விஷயம் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடப் போவது என் கத்தியை நம்பி. காரில் என் இடம் இனிமேல் எனக்கா ஐஸ் பெட்டிக்கா என்பதும் அதை நம்பித்தான். அதுவும் யாருடைய கையில்? ஆரம்பப் பள்ளி ஆறு வருடமும் என் பென்சில்களைச் சீவித் தந்தது நீங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் கத்தி சுமியேயின் கையில் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்த இந்த நான்கு வருடமாகக் கடையில் நறுக்கி விற்கும் காய்கறிப் பொட்டலங்களில் காலம் தள்ளுகிறேன். எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு கத்தி வாங்க வேண்டியிருந்தது.

முறையாகத் தொடங்கினேன். இருபத்து மூன்று கத்திகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன்: எடை, அலகின் நீளம், மடக்கிய நீளம், பூட்டு உண்டா இல்லையா, ஈரக் கையால் திறக்க முடியுமா, மூக்குக் கண்ணாடி இல்லாமல் மூட முடியுமா என்று பதினோரு பத்திகள். ரயில் நிலையத்தின் மேற்கு வாசலுக்குப் பின்னால் இருக்கும் கேம்ப் சாமான் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அந்தக் கடையை நடத்தும் ஹோசகா அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், பனிமலை ஏறியவர், பேச்சில் பனிமலையின் குளிர்ச்சி கொஞ்சமும் இல்லை. சிவப்புக் கைப்பிடிக் கத்தியில் கத்தரி, திருப்புளி, மீன் செதில் சீவி, பற்குச்சி என்று பதினான்கு கருவிகள் இருந்தன. ஆனால் அதில் முதலில் தொலையப் போவது பற்குச்சி என்று தெரிந்தது, தொலைந்த பிறகு அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் கத்தி பதினெட்டே கிராம், ஆனால் பழம் வெட்டினால் பழத்துக்கு வலிக்காது. மரக் கைப்பிடிக் கத்தி பிடிக்கச் சுகமாக இருந்தது. மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு அலகு வெளியே வராது என்று ஹோசகா அம்மாளே சொல்லிவிட்டார். இன்னொன்றில் பூட்டை விடுவிக்க என் கட்டைவிரல் போதவில்லை. திறந்த கத்தியோடு கால் மணி நேரம் கடையில் நின்றேன், அந்த அம்மாள் வேறொருவருக்கு விறகு விற்றுவிட்டு வந்து மூடிக் கொடுத்தார்.

ஏழாவது முறை போனபோது அவர் என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "எல்லாம் சரிங்க ஐயா. அதை வச்சு நீங்க என்ன வெட்டப் போறீங்க?"

அக்கா, பதினோரு பத்திகளில் அதற்கு ஒரு பத்தி இல்லை. எனக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே கடையிலிருந்தே சிகுசாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். சாசேஜ், முட்டைக்கோஸ், வெங்காயம், அப்புறம் கயிறு ஏதாவது என்றாள். வெங்காயத்தின் விட்டம் எவ்வளவு என்று கேட்டேன். நீங்களே அளந்து பாருங்க மாமா என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் அதைக் கண்டேன். செம்மஞ்சள் கைப்பிடி, ஐந்தரை சென்டிமீட்டர் அலகு, நாற்பத்திரண்டு கிராம். மடக்கினால் என் நடுவிரலை விடச் சற்றே நீளம். கையில் எடுத்தேன், கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. கட்டைவிரலால் தள்ளினேன், திறந்தது. மூடிவிட்டு மறுபடி தள்ளினேன், மறுபடியும் திறந்தது. நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஹோசகா அம்மாளும் முதல்முறையாகச் சிரித்தார். "இது புல்லுல விழுந்தாலும் பளிச்சுன்னு தெரியும்" என்றார். விழுமா என்று கேட்டேன். "உங்க கைல இருந்தா விழும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். ஏழு வெங்காயம் வாங்கி அளந்தேன், சராசரி விட்டம் ஏழு புள்ளி எட்டு சென்டிமீட்டர். அலகு ஐந்தரை என்பதால் ஒரே வெட்டில் முடியாது, ஒரு பக்கம் பாதி, திருப்பி மறுபக்கம் பாதி என்று வெட்ட வேண்டும். படம் வரைந்து வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் நின்று தினமும் வெட்டினேன். நன்றாகவே வந்தது. கண்ணீர்தான் நிற்கவில்லை. எதிர்வீட்டு ஒகாதா அம்மாள் இதை மூன்று நாள் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் கத்சுயா அலுவலகத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான், டையைக்கூட அவிழ்க்கவில்லை. ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, தனியா இருக்கறது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டான். அவன் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை இதுவரை கேட்டதில்லை. இல்லைடா, வெங்காயம் என்றேன். அவன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். மூன்று நாள் வெங்காயம் கிண்ணங்களில் வரிசையாக இருந்தது. அதில் பாதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "கேம்ப்புக்கு வர்றதுக்கு இவ்ளோ பாடுபடணுமாப்பா" என்றான். ஜாக்கிரதையாப் போ என்றேன்.

அடுத்தது சட்டம். அதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வது குற்றம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஐந்தரை. ஆனால் சிறிய கத்தியாக இருந்தாலும் காரணமின்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்று நூலகத்தில் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. கேம்ப் தக்க காரணமா? வழியில் காப்பி குடிக்க இறங்கினால் அந்த ஐந்து நிமிடத்துக்குக் காரணம் செல்லுமா? சந்தேகத்தோடு இருப்பதைவிட உரியவரிடம் கேட்டுவிடுவது நல்லது என்று முடிவு செய்து, கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பெரிய தெரு முக்கிலுள்ள போலீஸ் பூத்துக்கு நடந்தேன்.

அங்கே குமகாய் என்று ஒரு காவலர், முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை. நாற்காலி போட்டார். நான் கத்தியை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இப்ப கேம்ப்புக்குத்தான் கிளம்பிட்டீங்களா ஐயா?"

"இல்லை, இருபத்தாறாம் தேதி."

"அப்ப இன்னிக்கு எதுக்கு இதை எடுத்துட்டு வந்தீங்க?"

"எடுத்துட்டு வரலாமான்னு கேக்கத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நொடியில்தான் அக்கா எனக்குப் புரிந்தது, வீட்டிலிருந்து பூத் வரை பதினோரு நிமிடம், நடுவில் ஒரு சிக்னல், அத்தனை நேரமும் நான் எந்தச் சட்டத்துக்குப் பயந்தேனோ அதையே மீறிக்கொண்டு நடந்திருக்கிறேன். உடனே எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். சிக்னலில் நின்ற நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பரவாயில்லை, கேட்க வந்ததே ஒரு காரணம்தான், வீட்டுக்குப் போங்கள் என்றார். அங்கேதான் சிக்கல். வரும்போது கேட்பது காரணம். கேட்டாயிற்று. போகும்போது என்ன காரணம்? இதை நான் அவரிடம் மிகவும் பணிவாகத்தான் கேட்டேன். அவர் சுவரிலிருந்த நகர வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி ஐயா, கத்தியை நான் தூக்கிட்டு வரேன், நீங்க கூட நடந்து வாங்க" என்றார்.

வழியெல்லாம் கேம்ப்பைப் பற்றித்தான் பேசினோம். கத்தி எப்போதும் சட்டென்று கைக்கு எட்டாத இடத்தில், பையின் அடியில் இருந்தால் நல்லது என்று அவர் சொன்னதை மனதில் குறித்துக்கொண்டேன். ஒகாதா அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டது ஒரு கத்தி, ஒரு காவலர், நடுவில் நான். கத்சுயா இந்த முறை டையை அவிழ்த்துக்கொண்டே வந்தான்.

அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் மெதுவாகத்தான் பேசினான். அப்பா, உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி, ஜிம்பெய்க்கும் பழக்கமான ஆள் என்றான். நான் தலையாட்டிவிட்டேன், அக்கா. எதிர்த்துப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? ஆனால் அவன் பின்னாலேயே வந்திருந்த சிகுசா, குமகாய் கொடுத்துவிட்டுப் போன கத்தியை எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை திறந்து மூடினாள். "இவ்ளோ லேசான கத்தியை நான் பார்த்ததே இல்ல. ஆறு மாசம் தேடிக் கண்டுபிடிச்சிருக்கார். மாமா வராம நானும் வரல" என்றாள். கத்சுயா மறுபடி கூரையைப் பார்த்தான். எங்கள் வீட்டுக் கூரையில் அவன் என்னதான் பார்க்கிறானோ.

ஆகவே இப்போது எந்தக் குறையும் வரக்கூடாது என்பதற்காக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். சட்டென்று கைக்கு எட்டக்கூடாது என்றார் அல்லவா, அதற்காக ஓர் இரும்புப் பெட்டி வாங்கினேன். செங்கல் அளவுதான், ஆனால் மிக உறுதி, ஒரு கிலோ முந்நூறு கிராம். கத்தியை அதில் வைத்து, கூடவே கேம்ப் முன்பதிவின் நகல், பயண நேர அட்டவணை, எதற்காக எடுத்துச் செல்கிறேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்ட விளக்கம் மூன்று படிகள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிட்டேன். காகிதங்கள் மட்டும் முந்நூற்றுப் பத்து கிராம். எடை கூடிவிட்டதால் மாற்றுத்துணியைக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறேன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று எனக்கு. மற்றொன்று தொலையக்கூடாத இடத்தில், அதாவது உங்களிடம், இருக்கட்டும் என்று இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கடைக்காரர் இரண்டையும் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார், அதை வெட்டிப் பிரிக்கக் கத்தரி தேட வேண்டும். தேடி முடிக்கும்வரை காணாமல் போய்விடக் கூடாது என்று இப்போதைக்கு இரண்டையும் இந்த உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.

ஜிம்பெய்யை ஒகாதா அம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை போகிற வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். அக்கா, எல்லாம் சரியாக இருக்கிறது. நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். இந்த ஒரு தடவை நான் எதையும் கெடுக்கமாட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இப்படி ஒரு நம்பிக்கை எனக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

உங்கள் முழங்கால் வெயிலிலும் மழையிலும் உங்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்கட்டும். ஹைட்ரேஞ்சியா நீங்கள் சொன்ன நிறத்தில் பூக்கட்டும். பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது தொலைபேசியில் உங்களிடம் திட்டு வாங்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
மகாபே தெய்ஜி

பின்குறிப்பு (ஜூலை 28, மாலை, வீட்டில்): அக்கா, சாவிகள் இரண்டும் உங்களுக்குத் தபாலில் போய்விட்டன என்று முந்தாநாள் ஏரிக்கரையிலிருந்து கத்சுயா உங்களிடம் தொலைபேசியில் சொன்னது தவறு. நான் அவனிடம் சொன்னதைத்தான் அவன் சொன்னான். ஆகவே பிழை என்னுடையது. "கத்தியைப் பூட்டி வச்சுட்டு சாவியைத் தபால்ல அனுப்பற ஆளு இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்கும்படி நீங்கள் சொன்னீர்கள். அதுவும் சரியல்ல, ஏனென்றால் நான் அதைத் தபாலில் போடவே இல்லை. கிளம்பும் பரபரப்பில் கடிதம் என் மேல்சட்டையின் உள்பையிலேயே இருந்திருக்கிறது. மேல்சட்டையைச் சுருட்டித்தான் தலையணையாக வைத்துக்கொண்டேன். இரண்டு இரவும் சாவிகளின்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். நேற்று முழுவதும் நீங்கள் தபால்பெட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த முழங்காலோடு. மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை.

ஆனால் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். சிகுசா முட்டைக்கோஸைக் கையால் பிய்த்தாள். சாசேஜை முழுசாகச் சுட்டோம். வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் போட்டோம், இதுவரை சாப்பிட்டதிலேயே இதுதான் நல்ல வெங்காயம் என்று மினோரி சொன்னாள், என் ஏழு வெங்காயத்தை அவள் ருசி பார்த்திருக்கவில்லை. தர்ப்பூசணியைக் கோடை விளையாட்டாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால்தான் உடைக்க வேண்டும், அதற்கு என்றைக்கும் கத்தி தேவையில்லை. என் முறை வந்தபோது முதல் அடியிலேயே உடைந்தது. நான் அடித்ததுதான், அக்கா! மினோரி சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடாரத்தின் முளைகளை அடிக்கும் சுத்தியலைக் கத்சுயா வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான். ஏரிக்காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அப்போது அவன் என்னைப் பார்த்தான், பிறகு என் பெட்டியைப் பார்த்தான். பதினான்கு முளைகள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கத்தி கிணுகிணுத்தது, விளக்கம் மூன்று படிகளும் அதை மெத்தென்று தாங்கிக்கொண்டன. திரும்பி வரும்போது அவன் காரை ஓட்டிக்கொண்டே, "அப்பா, அடுத்த வருஷம் பெட்டியை மறந்துடாதீங்க" என்றான். கத்தியை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அது உள்ளயே இருக்கட்டும்" என்றான்.

ஆகவே சாவிகள் இரண்டையும் இப்போது உண்மையாகவே உங்களுக்கு அனுப்புகிறேன். இங்கே இருந்தால் நான் திறந்து சரிபார்த்துவிடுவேன். இதைத் தபாலில் போட மினோரி என் கூடவே வருகிறாள்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஜிம்பெய்யை இனிமேல் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஒகாதா அம்மாள் சொல்லிவிட்டார். அடுத்த ஜூலையில் நான் ஊரில் இருக்கமாட்டேன். அக்கா, உங்களுக்கு ஆமைகள் பிடிக்குமா?